நூல் எழுத மார்க்டவுனா, வேர்டா? கைப்பிரதி தொடங்கும் முன் முடிவெடுக்கும் முறை

நண்பர்களின் கைப்பிரதிகளை அச்சுக்கும் மின்னூலுக்கும் தயார் செய்து கொடுக்கிற வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எதில் எழுதட்டும்?"

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் வகை. தடித்த எழுத்து திரையிலேயே தடித்துத் தெரியும், தலைப்பு பெரிதாகத் தெரியும். இன்னொன்று மார்க்டவுன். தலைப்புக்கு முன்னால் #, அழுத்த வேண்டிய சொல்லுக்கு இருபுறமும்  இரண்டு நட்சத்திரம் என்று குறி மட்டும் போட்டு, வெறும் உரையாக எழுதுவது.

ஏதோ ஓர் எடிட்டர், அதாவது எழுதும் நிரல், பிடித்துப்போய் எழுத ஆரம்பித்துவிட்டு, 150 பக்கம் தாண்டிய பிறகு அச்சகத்துக்குப் போன் செய்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அந்த போனை முதலில் செய்ய வேண்டும். உங்களுக்குப் பிறகு அந்தக் கோப்பைக் கையில் எடுக்கப்போகிறவர் யார் என்று தெரிந்தாலே எடிட்டர் பாதி முடிவாகிவிடும்.

தொடங்கும் முன் தேவையானவை

எழுதி முடித்த ஓர் அத்தியாயம் வேண்டும். சுலபமான அத்தியாயம் வேண்டாம். உரையாடல், நாலு வரிக் கவிதை, இரண்டு அடிக்குறிப்பு, ஒரு படம், முடிந்தால் ஓர் அட்டவணை இருக்கிற அத்தியாயமாகப் பாருங்கள். சிக்கல் எல்லாம் இவற்றில்தான் வரும். நேர் உரைநடை எந்த எடிட்டரிலும் ஒழுங்காகவே போகும்.

கணினியில் பேன்டாக் என்ற இலவச நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். வேர்டு கோப்பை மார்க்டவுனாகவும், மார்க்டவுனை வேர்டு அல்லது இபப் (மின்னூல்) கோப்பாகவும் மாற்ற அது போதும். கட்டளை வரியில் இயங்குவது என்பதால் பயப்பட வேண்டாம். நமக்குத் தேவை ஒரே ஒரு வரிக் கட்டளை.

வேர்டு இல்லாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். மார்க்டவுன் எழுத விஎஸ் கோட், அப்சிடியன், கோஸ்ட்ரைட்டர் என எது வேண்டுமானாலும் சரி.

1. கோப்பு கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தைக் கேளுங்கள்

பதிப்பகத்தாரிடம் "எந்தக் கோப்பாகத் தரட்டும்?" என்று மட்டும் கேட்டால் "வேர்டுல அனுப்புங்க" என்பார்கள். அது பதில் ஆகாது. "டிடிபி எதில் செய்கிறீர்கள்? யூனிகோடா, பழைய எழுத்துருவா?" என்று கேளுங்கள். டிடிபி என்றால் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை. யூனிகோடு, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீடு. பழைய எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டுவது.

பக்கம் அமைக்கும் நிரல் இன்டிசைன் என்றால் வேர்டு கோப்பில் நீங்கள் ஸ்டைல் (பெயரிட்டு வைத்த வடிவமைப்பு) வைத்துப் போட்ட தலைப்பு, மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் அப்படியே உள்ளே போகும். அங்கே உங்களுடைய ஸ்டைலை அவர்களுடைய ஸ்டைலோடு பொருத்திக்கொள்ளலாம். மார்க்டவுனில் எழுதினாலும் கடைசியில் பேன்டாக் வழியாக வேர்டு கோப்பாக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

பேஜ்மேக்கர் என்ற பழைய நிரல் என்றால் கதை வேறு. அதற்கு யூனிகோடு தெரியாது. உங்கள் உரையை எழுத்துரு மாற்றும் நிரல் ஒன்றில் போட்டுப் பழைய எழுத்துருவுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வழியில் தடித்த எழுத்து, சாய்வு, அடிக்குறிப்பு எதுவும் தப்பிப் பிழைப்பது அரிது. மார்க்டவுன் குறிகளும் ஆபத்துதான், ஏனென்றால் பழைய எழுத்துருக்களில் குறிகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட அச்சகத்துக்கு எதில் எழுதினாலும், எங்கெங்கே தலைப்பு, எங்கெங்கே மேற்கோள் என்று குறித்த ஒரு பிடிஎஃப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

மின்னூல் மட்டும் என்றால் மார்க்டவுன் பக்கம் தராசு சாய்கிறது. பேன்டாக் நேரடியாக இபப் தரும். கிண்டிலில் நீங்களே பதிப்பிப்பதாக இருந்தால் வேர்டு கோப்பையும் ஏற்பார்கள், இபப்பையும் ஏற்பார்கள். வலைத்தளத்தில் தொடராக வெளியிடப் போகிறீர்கள் என்றாலும் மார்க்டவுன் வசதி. வேர்டுபிரஸ்ஸின் பிளாக் எடிட்டரில் மார்க்டவுனை ஒட்டினால் தலைப்பும் பட்டியலும் தானாகவே பிரிந்துகொள்ளும்.

2. இடையில் தொடப்போகிறவர்களை எண்ணுங்கள்

ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள்: மெய்ப்புப் பார்ப்பவர், மொழிபெயர்ப்பென்றால் மூலத்தோடு ஒப்பிடுபவர், முன்னுரை எழுதுபவர், படித்துக் கருத்துச் சொல்லும் நண்பர். ஒவ்வொருவரும் எதில் திருத்துவார் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

மெய்ப்புப் பார்ப்பவர் வேர்டில் திருத்தங்களைத் தடம் காட்டும் வசதியோடு வேலை செய்பவர் என்றால், அந்தக் கட்டம் முழுக்க வேர்டிலேயே நடக்கட்டும். எழுபது வயதுக்காரரிடம் "இந்த நட்சத்திரக் குறியை மட்டும் தொடாதீங்க ஐயா" என்று சொல்லி அனுப்பினால், அவர் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து அழித்துத்தான் அனுப்புவார். அவர்மேல் தவறில்லை. கோப்பைத் தவறான கையில் தவறான வடிவத்தில் கொடுத்தது நாம்தான்.

தாளில் அச்செடுத்துச் சிவப்பு மையில் திருத்துகிறவர் என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

3. எழுத்து யூனிகோடுதானா என்று பாருங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பழைய கோப்பு கையில் இருப்பவர்கள் தாண்டக் கூடாது.

சோதனை எளிது. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரிந்தால் பழைய எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த "தமிழ்" என்ற சொல் நோட்பேடில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். வேர்டில் எழுத்துரு அந்த உண்மையை மறைத்து வைத்திருக்கும், வெற்றுரை மறைக்காது. மார்க்டவுனுக்குப் போகிறவர்கள் முதலில் எழுத்துரு மாற்றும் நிரலில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். குறி போட்ட பிறகு மாற்றினால் குறிகளும் எழுத்தாகிவிடும்.

யூனிகோடிலேயே இன்னும் இரண்டு சிக்கல் ஒளிந்திருக்கும். 'கொ' என்பதை க-வோடு ஒற்றைக் குறியாகவும் சேர்க்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாகவும் சேர்க்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் "கொடி" என்று தேடினால் சில எடிட்டர்கள் ஒரு வகையை மட்டும்தான் பிடிக்கும். உங்கள் கோப்பில் இருப்பது நிச்சயம் என்று தெரிந்த சொல் தேடலில் வரவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, 'கௌரி'யை 'கெளரி' என்று ஒற்றைக்கொம்பும் ள-வும் வைத்து அடிப்பது. இதைக் கண்டுபிடித்ததும் மொத்தமாக மாற்று என்று கட்டளை கொடுத்துவிடாதீர்கள். தெளிவு, வெளி, வெள்ளம், பெளர்ணமி எல்லாவற்றிலும் அதே ஒற்றைக்கொம்பும் ள-வும் இருக்கின்றன. இவற்றில் மாற வேண்டியது பௌர்ணமி மட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

4. ஒரே அத்தியாயத்தை இரண்டு வழியிலும் ஓட்டிப் பாருங்கள்

முதலில் எடுத்துவைத்த அத்தியாயத்தை வேர்டில் இருந்து பேன்டாக் மூலம் மார்க்டவுனாக்குங்கள். அப்புறம் அதே மார்க்டவுனை மறுபடி வேர்டாக்குங்கள். மூன்று கோப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துக் கீழ்க்கண்டவற்றை மட்டும் பாருங்கள்.

தலைப்புகள் # குறியோடு வந்திருக்கின்றனவா? வெறும்  நட்சத்திரக் குறியோடு வந்திருந்தால், வேர்டில் நீங்கள் தலைப்பு ஸ்டைல் போடவில்லை, எழுத்தைப் பெரிதாக்கித் தடிக்கவிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கண்ணுக்குத் தலைப்பு, கோப்புக்கு அது சாதாரணப் பத்தி.

கவிதை வரிகளுக்கு நடுவே வெற்று வரி விழுந்திருக்கிறதா? ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் அடித்திருந்தால் அப்படித்தான் வரும், ஏனென்றால் என்டர் என்பது புதுப் பத்தி. ஷிஃப்ட்டோடு என்டர் அடித்திருந்தால் வரிகள் ஒரே பத்திக்குள் இருக்கும்.

அடிக்குறிப்பு எண்ணோடு கோப்பின் கீழே போயிருக்கிறதா? வேர்டின் அடிக்குறிப்பு வசதியைப் பயன்படுத்தியிருந்தால் போகும். நீங்களே மேலே சிறிய எண் அடித்துப் பக்கத்தின் கீழே கையால் எழுதியிருந்தால், பாதி வாக்கியத்துக்கு நடுவில் வந்து நிற்கும்.

வரியைப் பக்கத்தின் நடுவில் நிறுத்திய அமைப்பு, வண்ணம், எழுத்துரு அளவு ஆகியவை போயிருக்கும். இது பிழையில்லை, மார்க்டவுனில் அவற்றுக்கு இடமே கிடையாது. அவை போனதில் உங்களுக்கு நஷ்டம் உண்டா என்று பாருங்கள். ஒரு நண்பர் தன் பாட்டியின் பேச்சை எல்லாம் நீல நிறத்தில் வைத்திருந்தார். நிறம் போனதும் யார் பேசுகிறார் என்றே தெரியவில்லை. அது வடிவமைப்பு அல்ல, பொருள். அத்தகைய இடங்களைச் சொல்லாலோ மேற்கோள் குறியாலோ காட்ட வேண்டும். வேர்டிலேயே தங்குவதானாலும் இதைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் கறுப்பு வெள்ளை அச்சிலும் நீலம் இருக்காது.

5. இப்போது முடிவெடுங்கள்

அட்டவணைகள் நிறைய, மெய்ப்பு வேர்டில், போகுமிடம் இன்டிசைன்: வேர்டு. யோசிக்கவே வேண்டாம். மார்க்டவுனில் தமிழ் அட்டவணை ஒரு தொல்லை. தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம் என்பதால் கட்டங்களைப் பிரிக்கப் போடும் நெடுங்கோடுகள் ஒரு நேர்கோட்டில் நிற்கவே நிற்காது.

நீண்ட உரைநடை, தனி ஆளாக எழுதுவது, ஒரே மூலத்திலிருந்து இபப்பும் அச்சும் வலைப்பக்கமும் எடுப்பது: மார்க்டவுன். இருபது அத்தியாயத்தையும் ஒரே தேடலில் துழாவ முடிவது இதன் பெரிய லாபம். ஒற்று விட்டுப்போன இடங்களைப் பிடிக்க, விஎஸ் கோடில் கோப்புறைத் தேடலைத் திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொத்தானை அழுத்தி, இதைக் கொடுத்துப் பாருங்கள்:

(அந்த|இந்த|எந்த) [கசதப]

"அந்த பையன்", "இந்த காலம்" எல்லாம் கோப்பு பெயரோடும் வரி எண்ணோடும் வரிசையாக வந்து நிற்கும். இந்த ஒரு வரியே எனக்கு எத்தனையோ மாலைகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இரண்டும் கலந்த நிலை என்றால், எழுதுவது மார்க்டவுனில், மெய்ப்பு முதல் வேர்டில் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் 8-ஆம் படியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

6. மார்க்டவுன் என்றால் முதல் நாளே பழக வேண்டியவை

கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமியுங்கள். பழைய விண்டோஸ் நோட்பேடில் ஆன்ஸி என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப எடுக்க வழி இல்லை. எடிட்டரின் எழுத்துருவையும் நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா மாதிரி ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கண் களைக்காமல் இருந்தால்தான் நாள் முழுக்க எழுத முடியும்.

பத்தியின் முதல் வரியை ஸ்பேஸ் தட்டி உள்ளே தள்ளாதீர்கள். இதுதான் நான் அதிகம் பார்க்கும் தடுக்கல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நினைவுக் குறிப்புகளை, பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஒவ்வொரு பத்திக்கும் ஐந்து ஸ்பேஸ் விட்டு அடித்திருந்தார். முன்னோட்டம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்: "தம்பி, என் பத்தி எல்லாம் சாம்பல் பெட்டிக்குள்ள போயிடுச்சு. வரியும் மடங்காம வலப்பக்கம் ஓடுது." நான்கு ஸ்பேஸோ அதற்கு மேலோ விட்டுத் தொடங்கும் பத்தியை மார்க்டவுன் நிரல் வரி என்று எடுத்துக்கொள்ளும். பத்திக்கும் பத்திக்கும் நடுவே ஒரு வெற்று வரி மட்டும் விடுங்கள். உள்தள்ளலை இபப்பின் வடிவமைப்புக் கோப்போ டிடிபியோ பார்த்துக்கொள்ளும்.

அதே கைப்பிரதியின் பின்னிணைப்பில் ஆண்டு வரிசை இருந்தது. "1965. வேலையில் சேர்ந்தேன்." அடுத்த பத்தி "1967. திருமணம்." அதற்கடுத்து "1971. ஊர் மாற்றம்." முன்னோட்டத்தில் அது 1965, 1966, 1967 என்று வந்தது. வரித் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் ஸ்பேஸும் வந்தால் மார்க்டவுன் அதை எண்ணிட்ட பட்டியல் என்று நினைக்கும். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தானே வரிசையாக எண்ணும். திருமண ஆண்டே மாறிப்போகிற பிழை இது, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவும் தெரியாது. புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள், 1965\. என்று. அல்லது புள்ளிக்குப் பதிலாக முக்காற்புள்ளி வையுங்கள்.

அழுத்தக் குறியில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நாம் பன்மை விகுதி, வேற்றுமை உருபு போன்றவற்றைச் சொல்லோடு ஒட்டி எழுதுகிறோம். வீடு என்பதற்கு இருபுறமும் நட்சத்திரம் போட்டு, 'கள்' என்பதை ஒட்டி எழுதினால் சரியாக வரும். _வீடு_கள் என்று அடிக்கோட்டுக் குறி போட்டால் வராது, ஏனென்றால் சொல்லுக்கு நடுவில் அடிக்கோட்டை மார்க்டவுன் குறியாக எடுப்பதில்லை. அதனால் எப்போதும் நட்சத்திரமே போடுங்கள். மேற்கோள் குறி சேரும்போது நட்சத்திரமும் ஏமாற்றும். 'வீடு'கள் என்பதில் நட்சத்திரங்களை மேற்கோள் குறிகளுக்கு வெளியே போட்டால் நட்சத்திரம் அப்படியே அச்சில் நிற்கும். மேற்கோள் குறியை வெளியே எடுத்து, நட்சத்திரங்களை உள்ளே வீடு என்ற சொல்லை ஒட்டி வையுங்கள், சரியாகிவிடும். மூடுகிற நட்சத்திரத்துக்கு முன்னால் எழுத்துதான் இருக்க வேண்டும், நிறுத்தக்குறி இருக்கக் கூடாது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

காட்சி மாற்றத்துக்குப் போடும் --- கோட்டுக்கு மேலே கட்டாயம் வெற்று வரி விடுங்கள். விடாவிட்டால் மேலே இருக்கும் பத்தி முழுவதும் தலைப்பாகப் பெருத்துவிடும்.

கவிதைக்கு ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பின்சாய்கோடு போடுங்கள். வரி முடிவில் இரண்டு ஸ்பேஸ் விடுவதும் வேலை செய்யும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. யாராவது கோப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று நீக்கிவிட்டால் கவிதை உரைநடையாகிவிடும்.

கோப்புகளுக்கு 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் பெயர் தொடங்குங்கள். 1, 2 என்று வைத்தால், நூலாகச் சேர்க்கும்போது 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கலாம். அடிக்குறிப்பு எண்ணுக்கும் அத்தியாய எண்ணை முன்னால் சேர்த்து [^03-1] என்று வையுங்கள். எல்லா அத்தியாயத்திலும் [^1] இருந்தால், சேர்த்ததும் ஒன்றை ஒன்று மூடிவிடும்.

7. வேர்டு என்றால் ஸ்டைல் முதலில், எழுத்து பிறகு

வெற்றுக் கோப்பில் நான்கே ஸ்டைல் அமையுங்கள்: அத்தியாயத் தலைப்புக்கு ஹெடிங் 1, உட்தலைப்புக்கு ஹெடிங் 2, பத்திக்கு நார்மல், மேற்கோளுக்கும் கவிதைக்கும் ஒன்று. விண்டோஸ் வேர்டில் கன்ட்ரோல், ஆல்ட், 1 சேர்த்து அழுத்தினால் ஹெடிங் 1 வரும். இதைக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள். பொருளடக்கமும், பக்கவாட்டில் தெரியும் அத்தியாயப் பட்டியலும் இதிலிருந்துதான் தானாக உருவாகின்றன.

ஸ்டைலுக்கு எழுத்துரு வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் ஆங்கிலத்துக்கு ஓர் இடமும் தமிழ் போன்ற எழுத்துகளுக்குத் தனி இடமும் உண்டு. ஆங்கில இடத்தில் அளவை 14 ஆக்கிவிட்டு, தமிழ் மட்டும் ஏன் மாறவில்லை என்று திணறுகிறவர்கள் உண்டு. தமிழ் எழுத்துருவும் அதன் அளவும் அந்த இரண்டாவது இடத்தில்தான் இருக்கின்றன.

வலையிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ எடுப்பதை வெறும் உரையாக மட்டும் ஒட்டுங்கள். நேரடியாக ஒட்டினால் அங்கிருந்த எழுத்துரு, நிறம், இடைவெளி எல்லாம் கூடவே வந்து, உங்கள் நான்கு ஸ்டைல் நாற்பதாகிவிடும்.

இடைவெளிக்கு என்டரை அடுக்காதீர்கள். புது அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்க, ஹெடிங் 1 ஸ்டைலிலேயே பக்க முறிவை வையுங்கள். என்டர் அடுக்கிய கோப்பில் முன்னால் ஒரு பத்தி சேர்த்தாலும் எல்லா அத்தியாயமும் பாதிப் பக்கத்தில் இறங்கிவிடும்.

8. மாற வேண்டுமென்றால் ஒருமுறை மட்டும் மாறுங்கள்

மார்க்டவுனில் எழுதி, மெய்ப்புக்கு வேர்டாக்கி, திருத்தம் வந்ததும் மார்க்டவுனுக்குத் திரும்பி, மறுபடி வேர்டு என்று போய்வந்துகொண்டிருந்தால், எந்தக் கோப்பு உண்மை என்பது ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரியாமல் போய்விடும். வேர்டாக்கிய நாளில் மார்க்டவுன் கோப்புறையை மூடிவையுங்கள். அதற்கு மேல் எல்லாத் திருத்தமும் வேர்டில்.

எதிர்த்திசையில் வருகிறவர்கள், தடம் காட்டும் திருத்தங்களை எல்லாம் ஏற்றோ தள்ளியோ முடித்துவிட்டு மாற்றுங்கள். பேன்டாக் வழக்கமாக எல்லாத் திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டுதான் மாற்றும். நீங்கள் தள்ள நினைத்ததும் உள்ளே போய்விடும். கூகுள் டாக்ஸில் எழுதியவர்களுக்கு பேன்டாக்கூடத் தேவையில்லை. பதிவிறக்கப் பட்டியலிலேயே மார்க்டவுன் இருக்கிறது.

மார்க்டவுனிலிருந்து நேராக பிடிஎஃப் எடுப்பதாக இருந்தால், பேன்டாக் வழக்கமாகப் பயன்படுத்தும் பிடிஎஃப்லேடெக் என்ற பிடிஎஃப் ஆக்கும் நிரல் தமிழுக்கு ஆகாது. அதற்குப் பதில் ஸீலேடெக் என்ற நிரலைத் தேர்ந்து, தமிழ் எழுத்துருவின் பெயரையும் கட்டளையில் கொடுக்க வேண்டும். எழுத்துருவைக் கொடுக்க மறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலியாக வரும்.

அச்சுக்குப் போகும் முன் டிடிபி செய்தவர் பக்கங்களை பிடிஎஃப் ஆக அனுப்புவார். அதில் நீங்கள் சொல்லும் கடைசித் திருத்தங்கள் அவருடைய கோப்பில் மட்டும்தான் ஏறும். அன்றைக்கே அவற்றை உங்கள் மூலக் கோப்பிலும் ஏற்றுங்கள். இரண்டாம் பதிப்புக்கோ மின்னூலுக்கோ நீங்கள் திறக்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.